கையுறையைக் கழற்றும் வயது எது?

1980 ஜூலையில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பரிசோதனைக்குப் போனார். லாரி ஹோம்ஸுடன் மோத உரிமம் வேண்டுமென்றால் மருத்துவச் சான்று வேண்டும் என்று நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் சொல்லியிருந்தது. அலிக்கு வயது 38. மருத்துவர்கள் விரலால் மூக்கு நுனியைத் தொடச் சொன்னார்கள். விரல் சற்றே தப்பிப் போனது. ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார்கள். காலாட்டத்துக்கே பெயர்போன மனிதரிடம் எதிர்பார்த்த சுறுசுறுப்பு அதில் இல்லை. பேச்சு கொஞ்சம் குழறியது, அதற்குக் களைப்பே காரணம் என்று கருதப்பட்டது. காலையில் எழும்போது சில நேரம் கைகள் மரத்துப்போவதாக அவரே சொன்னார். இத்தனையும் அறிக்கையில் பதிவாயின. ஆனாலும், அவர் மேலும் சண்டையிடக் கூடாது என்று சொல்லும்படியாக எதுவும் இல்லை என்று அறிக்கை முடிந்தது. உரிமம் கிடைத்தது.



அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸில் நடந்ததைப் போட்டி என்று சொல்வது கடினம். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலியின் பயிற்சிக் கூட்டாளியாக இருந்து தொழில் கற்றவர். பத்து ரவுண்டுகளில் ஒன்றைக்கூட அலியால் எடுக்க முடியவில்லை. பத்தாவது முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ போட்டியை நிறுத்த முடிவு செய்தார். அலியின் நீண்டகால உதவியாளர் பண்டினி பிரவுன் டண்டீயின் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்து, இன்னும் ஒரு ரவுண்டு விடும்படி கெஞ்சினார். டண்டீ கேட்கவில்லை. வென்ற ஹோம்ஸ் பிறகு அழுதார்.

டண்டீ அன்று செய்தது சரி. ஆனால் அதைச் செய்ய வேண்டிய நேரம் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. 1977 செப்டம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எர்னி ஷேவர்ஸுடன் அலி 15 ரவுண்டு மோதி, புள்ளிக் கணக்கில் வென்றார். ஷேவர்ஸ் அக்காலத்தின் மிகக் கடுமையான அடிக்காரர்களில் ஒருவர். போட்டி முடிந்ததும் கார்டனின் போட்டி அமைப்பாளர் டெடி பிரென்னர், அலிக்கு இனி இங்கே மேடை இல்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார். அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகங்கள் கெட்டுவருவதைக் காட்டும் ஆய்வக அறிக்கையின் நகல்களை அலிக்கும் அவர் மனைவிக்கும் அனுப்பினார். யாரிடமிருந்தும் பதில் வராததால், அவர் அந்தக் குழுவிலிருந்தே விலகினார். வியாபாரம் நடத்துகிறவரும் வைத்தியம் பார்க்கிறவரும் ஒரே நேரத்தில் போதும் என்று சொன்ன தருணம் அது. அதற்குப் பிறகும் அலி நான்கு முறை வளையம் ஏறினார். கடைசிப் போட்டி 1981 டிசம்பரில் பஹாமாஸில், டிரெவர் பெர்பிக்குடன். ரவுண்டு தொடங்க அடிக்கும் மணிகூடச் சரியாக ஏற்பாடாகாமல், மாட்டுக் கழுத்து மணியை அடித்து நடத்திய போட்டி. அதிலும் அலி தோற்றார். 1984-இல் பார்க்கின்சன் நோய் உறுதியானது.

நோய் உறுதியாவதற்கு வெகு முன்பே தடயம் இருந்தது என்பதுதான் வேதனை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் அலியின் பழைய தொலைக்காட்சிப் பேட்டிகளை எடுத்து, அவர் பேசும் வேகத்தை அளந்தார்கள். 1968-இல் நொடிக்கு நான்கு அசைக்குச் சற்றே மேல் பேசியவர், 1981-இல் மூன்று அசைக்கு இறங்கியிருந்தார். கால் பங்குக்கு மேல் வேகம் குறைந்திருந்தது. உலகமே கேட்டுக்கொண்டிருந்த குரல் அது. அதை அவருடைய பழைய குரலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

குத்துச்சண்டை மூளையை என்ன செய்கிறது என்பது புதிய செய்தி அல்ல. 1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர், குடிக்காமலே குடிகாரரைப் போலத் தள்ளாடும் வீரர்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். 1969-இல் பிரிட்டனில் ராபர்ட்ஸ் என்பவர் 224 முன்னாள் தொழில்முறை வீரர்களைப் பரிசோதித்து, அவர்களில் 17 சதவீதத்தினருக்கு நரம்பு மண்டலப் பாதிப்பு இருப்பதைக் கண்டார். மண்டை ஓட்டுக்குள் மூளை திரவத்தில் மிதக்கிறது. தாடையில் பக்கவாட்டில் ஒரு குத்து விழுந்தால் தலை சட்டென்று திரும்புகிறது. மூளை ஒரு கணம் பின்தங்கித் திரும்புகிறது. அந்த இழுப்பில் நரம்பிழைகள் முறுக்கிக்கொள்கின்றன. இது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் டௌ என்ற புரதம் உருக்குலைந்து மூளையில் படியத் தொடங்குகிறது. ஆளை மயக்கமாக்கிச் சாய்க்கும் குத்து மட்டும்தான் ஆபத்து என்று எண்ணுவது தவறு. தலையை உலுக்கிவிட்டுத் தொடர்ந்து ஆடவைக்கும் சாதாரணக் குத்துகளும் கணக்கில் சேர்கின்றன. இந்தச் சிதைவை இறந்த பிறகு மூளையை ஆய்ந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். உரிமத்துக்காக எடுக்கும் ஸ்கேன் ரத்தக்கசிவைக் காட்டும், கட்டியைக் காட்டும். இதைக் காட்டாது. ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்று ஒரு வீரரின் மேலாளர் சொன்னால், அதற்கு அவ்வளவுதான் பொருள்.

வயது இதில் தனியாக ஒரு வேலை செய்கிறது. வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குகிறது. மூளைக்கும் அதை மூடிய உறைக்கும் இடையே ஓடும் சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. இளைஞரைவிட வயதானவருக்கு அவை எளிதில் அறுந்துபோகும்.

அப்படியானால் நாற்பதில் நிறுத்திவிடலாமா? அமெச்சூர் குத்துச்சண்டை அப்படித்தான் செய்கிறது. 40 வயதைத் தாண்டினால் சர்வதேச வளையத்துக்குள் அனுமதி இல்லை. ஆறு முறை உலகப் பட்டம் வென்ற மேரி கோம் அந்த விதியின்படியே வெளியே நிற்கிறார். தொழில்முறைக் குத்துச்சண்டையில் உலகம் முழுவதற்குமான அப்படியொரு கோடு இல்லை. கோடு போடுவதும் லேசான காரியமல்ல. ஜார்ஜ் ஃபோர்மன் 1994-இல் 45 வயதில் மைக்கேல் மூரரை வீழ்த்தி ஹெவிவெயிட் பட்டத்தை மீட்டார். பெர்னார்ட் ஹாப்கின்ஸ் 49 வயதிலும் பட்டப் போட்டியில் வென்றார். ஃபோர்மன் இடையில் பத்தாண்டு வளையம் ஏறாதவர். ஹாப்கின்ஸ் அடி வாங்காமல் ஆடுவதையே ஒரு கலையாக்கிக்கொண்டவர், உணவிலும் உறக்கத்திலும் துறவியைப் போல இருந்தவர். அவருக்கும் ஒருநாள் வந்தது. 2016 டிசம்பரில், 51 வயதில், ஜோ ஸ்மித் ஜூனியரின் குத்துகளில் கயிறுகளுக்கு இடையே வெளியே விழுந்து தலை தரையில் மோதியது. குறித்த நேரத்துக்குள் அவரால் வளையத்துக்குத் திரும்ப முடியவில்லை.

இதற்கு நேர்மாறான கதை ஃப்ரெடி ரோச்சுடையது. மேனி பாக்கியாவோவை உருவாக்கிய பயிற்சியாளராகத்தான் அவரை உலகம் அறியும். அவரே ஒரு வீரர், எடி ஃபட்ச் என்ற மாபெரும் ஆசானிடம் பயின்றவர். இருபதுகளின் நடுவிலேயே ரோச்சிடம் ஏதோ சரியில்லை என்று கண்டு, விட்டுவிடு என்றார் ஃபட்ச். ரோச் கேட்கவில்லை, ஆசானைப் பிரிந்து மேலும் சில போட்டிகளில் ஆடி, பெரும்பாலானவற்றில் தோற்றார். 26 வயதில் ஓய்வு. பிற்பாடு பார்க்கின்சன் வந்தது. பிறந்த தேதியைப் பார்த்திருந்தால் எந்த ஆணையமும் அவரைத் தடுத்திருக்காது.

ஆகவே எண்ண வேண்டியது வயதை மட்டுமல்ல, வாங்கிய அடியையும். அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. அலியின் ஏட்டில் 61 போட்டிகள் இருக்கின்றன. பயிற்சிக் கூடத்தில் வலியைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்று, கயிற்றில் சாய்ந்தபடி கூட்டாளிகளை அடிக்கவிட்ட ரவுண்டுகளை யார் எழுதி வைத்தார்கள்?

அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் ஏட்டைப் பார்ப்பதில்லை, காலைப் பார்க்கிறார்கள். முதலில் கால்தான் போகும். முன்பு அடித்த உடனே பக்கவாட்டில் விலகிய ஆள், இப்போது அடித்த இடத்திலேயே நிற்பார். அடுத்து கண்ணுக்கும் தலைக்கும் இடையே ஒரு தாமதம் புகும். எதிராளியின் இடக்கை நீள்வது அவருக்குத் தெரிகிறது, தலையும் அசைகிறது. ஆனால் காதை உரசிப் போயிருக்க வேண்டிய கையுறை நெற்றிப்பொட்டில் வந்து விழுகிறது. குத்தும் சக்தி மட்டும் கடைசிவரை இருக்கும். அதுதான் வீரரையும் ஏமாற்றுகிறது, பார்ப்பவர்களையும் ஏமாற்றுகிறது. பயிற்சிப் பையை இன்னும் அதிரவைக்கிறாரே என்பார்கள். பை திருப்பி அடிப்பதில்லை. மூன்றாவது அறிகுறி வந்துவிட்டால் விவாதமே கூடாது: முன்பு தாங்கிய அடிக்கு இப்போது கால் மடங்குவது.

இவை தெரிந்தும் ஏன் நிறுத்துவதில்லை? பெருமையும் கூட்டத்தின் இரைச்சலும் ஒரு காரணம். பணம் அதைவிடப் பெரிய காரணம். ஜோ லூயிஸ் 1949-இல் சாம்பியனாகவே ஓய்வுபெற்றவர். போர்க்காலத்தில் இரண்டு போட்டிகளின் ஊதியத்தை ராணுவ, கடற்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தவர். அவரிடம் வருமான வரித்துறை லட்சக்கணக்கான டாலர் பாக்கி கேட்டது. அதற்காகவே திரும்பி வந்தார். 1951 அக்டோபரில் ராக்கி மார்சியானோ அவரை எட்டாவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே சாய்த்தார். லூயிஸுக்கு வயது 37. அவரைத் தன் நாயகனாகக் கொண்டாடிய மார்சியானோ, உடை மாற்றும் அறையில் அழுதார் என்பது குத்துச்சண்டை உலகம் மறக்காத செய்தி. பின்னாளில் லூயிஸ் சீசர்ஸ் பேலஸில் விருந்தினர்களை வரவேற்கும் வேலை பார்த்தார். மார்சியானோ 49 போட்டிகளில் தோல்வியே காணாமல் 32 வயதில் விலகினார். திரும்பி வரவே இல்லை.

ஜெர்ரி குவாரியின் கதையைச் சொல்வதற்கே மனம் கூசுகிறது. அலியுடனும் ஜோ ஃப்ரேசியருடனும் மோதியவர். 1980-களின் தொடக்கத்திலேயே ஒரு பத்திரிகை ஏற்பாடு செய்த மருத்துவச் சோதனையில் அவர் மூளையில் பாதிப்பு தெரிந்தது. ஆனாலும் 1992-இல், 47 வயதில், கொலராடோ மாநிலத்தில் வளையம் ஏறினார். அப்போது அந்த மாநிலத்தில் குத்துச்சண்டை ஆணையமே இல்லை. தடுக்க யாரும் இல்லை. ஆறு ரவுண்டு அடி வாங்கினார். கிடைத்த தொகை ஆயிரம் டாலருக்குச் சற்று மேல். சில ஆண்டுகளில் தானாகச் சாப்பிடவும் உடுத்தவும் முடியாத நிலைக்கு வந்து, 1999 ஜனவரியில் 53 வயதில் இறந்தார்.

ஒரு மாநிலம் கதவை மூடினால் அடுத்த மாநிலம் திறக்கும் இந்த வழக்கத்தைத் தடுக்க 1996-இல் அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் வந்தது: ஒரு மாநிலம் மருத்துவக் காரணத்துக்காக விலக்கிவைத்த வீரரை மற்ற மாநிலங்களும் ஏற்கக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் எவாண்டர் ஹோலிஃபீல்டு விஷயத்தில் அது எவ்வளவு தூரம் உதவியது? 2004-இல் லாரி டொனால்டிடம் தோற்ற அவரை, திறன் குன்றிவிட்டது என்று சொல்லி நியூயார்க் ஆணையம் தடை செய்தது. பரிசோதனைகளில் அவர் தேறியிருந்தும், கண்ணால் கண்டதை நம்பிய துணிவான முடிவு அது. 2006-இல் அவர் டெக்சாஸில் ஆடினார். 2021 செப்டம்பரில், 58 வயதில், விட்டோர் பெல்ஃபோர்ட்டுடன் மோதினார். கலிபோர்னியா அவருக்கு உரிமம் தர மறுத்ததால் போட்டியே ஃபுளோரிடாவுக்கு இடம் மாறியது. முதல் ரவுண்டிலேயே முடிந்தது. 2024 நவம்பரில் 58 வயது மைக் டைசன் 27 வயது ஜேக் பாலுடன் மோதியதையும் டெக்சாஸ் முறையான தொழில்முறைப் போட்டியாகவே அங்கீகரித்தது. ரவுண்டுகளை இரண்டு நிமிடமாகக் குறைத்தார்கள், கையுறைகளைக் கனமாக்கினார்கள். எட்டு ரவுண்டில் டைசனின் குத்துகளில் 18 மட்டுமே எதிராளியைத் தொட்டன. ஆளுக்கு இத்தனை சலுகை தேவைப்படுகிறது என்றால், அந்தப் போட்டிக்கு உரிமம் தந்திருக்கவே கூடாது.

முடிவை வீரரிடம் விடக் கூடாது. கடைசியாக அதை உணர்பவர் அவர்தான். அவர் வருமானத்தில் பங்கு வாங்குகிறவர்களிடமும் விடக் கூடாது. முதல் உரிமம் வாங்கும் நாளிலேயே ஒவ்வொரு வீரரின் மூளைப் படம், பேச்சு, அனிச்சை வேகம், நினைவாற்றல் எல்லாவற்றையும் பதிந்து, ஆண்டுதோறும் அவரை அவரோடே ஒப்பிட வேண்டும். லாஸ் வேகாஸில் கிளீவ்லண்ட் கிளினிக் 2011 முதல் நடத்திவரும் ஆய்வு இந்த வழியில்தான் போகிறது. மூளையின் சில ஆழ்பகுதிகள் சுருங்குவதற்கும் சிந்தனை வேகம் குறைவதற்கும் தொடர்பு இருப்பதை அது காட்டியிருக்கிறது. சரிவு தெரிந்தால் 26 வயதானாலும் உரிமம் ரத்தாக வேண்டும். அந்த ரத்து எல்லை தாண்டியும் செல்ல வேண்டும். நாற்பதுக்கு மேல், ஆடத் தகுதி இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு வீரர் தரப்பின் மேல் விழ வேண்டும்.

அதோடு, உரிமத்தைப் பறித்தபின் அந்த ஆள் எதை வைத்துச் சாப்பிடுவார் என்பதற்கும் பதில் வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் மட்டும் 1980-களிலிருந்து குத்துச்சண்டை வீரர்களுக்கு ஓய்வூதிய நிதி நடத்துகிறது. நீண்ட இடைவெளி விடாமல் அந்த மாநிலத்தில் 75 ரவுண்டுகளாவது ஆடியவர்கள், 50 வயதானதும் விண்ணப்பிக்கலாம். தங்களுக்கு அப்படியொரு தொகை காத்திருக்கிறது என்றே தெரியாத பழைய வீரர்கள் பலர் இருப்பதால், ஆணையமே அவர்களைத் தேடிப் பிடித்துப் பணத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.