ஒன்று பழுதானாலும் தகவல் பிழைக்கும்!

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். பின்னர் தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியையும் கொடுத்துதவினார். ஆனால் ஒரு பிரதி போதவில்லை. ஐயர் பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடிப் பெற்று ஒப்பிட்டார். ஒன்றில் சிதைந்த இடம் மற்றொன்றில் கிடைத்தது. 1887இல் அந்நூல் அச்சேறியது.

ஓலையைச் செல் அரிக்கும். இன்று நம் தகவல்கள் உறையும் கணிப்பொறியின் ஹார்டு டிஸ்க்கும் அழியக்கூடியதே. உங்கள் மதிப்பெண், வீட்டுப் பட்டா, வங்கிக் கணக்கு எல்லாம் இத்தகைய சாதனங்களில்தான் பதிந்துள்ளன. ஒரு டிஸ்க் பழுதானால் அவையும் மறைந்துவிட வேண்டியதுதானா?

வேகமும் ஆபத்தும்

ஹார்டு டிஸ்க்கினுள் காந்தப் பூச்சுள்ள தட்டு ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று என்பது பரவலாகக் காணப்படும் வேகம். அதன்மேல் நூலிழை இடைவெளியினும் மிக மிகக் குறைந்த உயரத்தில் மிதக்கும் சிறு முனை, தகவலை எழுதும், படிக்கும். வேண்டிய இடம் சுழன்று முனைக்கு நேராக வரும்வரை கணிப்பொறி காத்திருக்க வேண்டும்.

வேகத்தைக் கூட்ட ஓர் எளிய வழி உண்டு. ஒரு பெரிய நூலை நான்கு பேரிடம் பிரித்துக் கொடுத்தால் விரைவில் பிரதி எடுத்துவிடலாம் அல்லவா? அதுபோல ஒரு கோப்பைத் துண்டுகளாக்கி நான்கு டிஸ்க்குகளில் ஒரே சமயத்தில் எழுதலாம். வேகம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆனால் நால்வரில் ஒருவர் தம் பகுதியைத் தொலைத்தால்? நூல் முழுவதும் குறைப்பட்டுப் போகும்!

அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வாபத்தைக் கணக்கிட்டுக் காட்டினர். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் எனக் கொள்வோம். அது மூன்று ஆண்டுகளுக்கும் மேல். நூறு டிஸ்க்குகளைச் சேர்த்தாலோ, அவற்றுள் ஏதேனும் ஒன்று சராசரியாக 300 மணி நேரத்திலேயே பழுதாகிவிடும். அதாவது இரண்டு வாரம்கூடத் தாங்காது. இதற்குப் பரிகாரமாக அவர்கள் வகுத்துக் காட்டிய முறைகளுக்கு 'ரெய்டு' என்று பெயர்.

கோழிப்பண்ணைக் கணக்கு

இரண்டு டிஸ்க்குகளில் ஒரே தகவலை அப்படியே எழுதுவது ஒரு முறை. பாதுகாப்பானதுதான். ஆனால் செலவு இரட்டிப்பாகும். இதைவிடச் சிக்கனமான வழி உண்டா?

நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்று கொட்டகைகளில் அன்று கிடைத்த முட்டை 240, 310, 275 அட்டை என மூன்று சீட்டுகளில் குறிக்கப்பட்டிருக்கிறது. நான்காவது சீட்டில் கூட்டுத்தொகை 825. இரண்டாவது சீட்டு காற்றில் பறந்துவிட்டது. கவலை வேண்டாம்! 825இலிருந்து 240ஐயும் 275ஐயும் கழியுங்கள். 310 கிடைத்துவிடும். மூன்று சீட்டுகளுக்கும் நகல் எடுத்திருந்தால் இன்னும் மூன்று சீட்டு தேவைப்பட்டிருக்கும். இங்கே ஒன்றே போதுமானதாயிற்று.

கணிப்பொறியில் எல்லாத் தகவலும் 1, 0 என்ற இரண்டு குறிகளால் ஆனது. ஆகவே கூட்டுத்தொகைக்குப் பதில், 1கள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்தால் போதும். மூன்று டிஸ்க்குகளில் முறையே 1, 1, 1 இருந்தால் 1களின் எண்ணிக்கை மூன்று, ஒற்றைப்படை. எனவே நான்காவதில் 1 எழுதி, மொத்தத்தை இரட்டைப்படை ஆக்குவார்கள். 1, 0, 1 இருந்தால் ஏற்கெனவே இரட்டைப்படை. அப்போது 0 எழுதுவார்கள். இதுவே 'பாரிட்டி'. இனி எந்த டிஸ்க் பழுதானாலும், அதிலிருந்த குறியை மற்ற மூன்றும் சொல்லிவிடும். ஒரு தாளில் நீங்களே எழுதிப் பாருங்கள்!

பழுதான டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினால், கணிப்பொறி இந்தக் கணக்கைக் கோடிக்கணக்கான முறை போட்டுத் தகவலை மீண்டும் நிரப்பிவிடும். பெரிய டிஸ்க்குகளில் இதற்குப் பல மணி நேரம் ஆகலாம். அதற்குள் இன்னொன்றும் பழுதானால்? இரண்டு சீட்டுகள் தொலைந்த பண்ணைக்காரரின் நிலைதான். அதனால் முக்கியமான இடங்களில், வேறொரு கணக்கின்படி இரண்டாவது காப்பும் எழுதி வைப்பார்கள்.

இதனால் தீராதது எது?

240 என்பதற்குப் பதில் 420 என்று தவறாக எழுதினால், கூட்டுத்தொகையும் அந்தத் தவறுக்கேற்பவே மாறிவிடும். நீங்கள் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தாலும் இதே கதைதான். எல்லா டிஸ்க்குகளும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. தீயோ வெள்ளமோ வந்தால் அத்தனையும் சேர்ந்தே போகும். ஆகவே ரெய்டு இருந்தாலும், வேறோர் இடத்தில் ஒரு தனிப் பிரதி இருக்கத்தான் வேண்டும்.

சிந்தாமணி நமக்குக் கிடைத்ததும் அப்படித்தான். அதன் பிரதிகள் அனைத்தும் ஒரே வீட்டுப் பரணில் இருந்திருந்தால், ஒரு தீயே போதுமாயிருந்திருக்கும். ஊருக்கு ஊர் ஏடுகள் இருந்தன. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்தது.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் புகைப்படங்கள் இப்போது எத்தனை இடங்களில் இருக்கின்றன? ஒரே இடம் என்றால், இன்றைக்கே இன்னொரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.