உடலுக்கும் ஓர் உயில்!

அரைக்காணி நிலத்துக்கு உயில் எழுதுகிறோம். சொந்த உடலுக்கு எழுதினோமா? இனிப் பிழைக்க வழியில்லை என்று டாக்டரே கைவிரித்த பிறகும், ஆலைத் தொழிலாளியைச் சுவாசக் கருவியில் கிடத்திவிட்டு, பிள்ளைகள் வீட்டை அடகு வைக்கிறார்களே, அவனைக் கேட்டா வைக்கிறார்கள்? கேட்டால் சொல்ல அவனுக்கு நினைவேது!

நினைவிருக்கும்போதே எழுதி வைக்கும் உரிமையை உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் ஏற்றது. ஏற்ற கையோடு, மாஜிஸ்திரேட் ஒப்பமும் வேண்டும் என்றது. நாள் கூலியை விட்டுவிட்டுக் கோர்ட்டு வாசலில் எத்தனை பேர் நிற்க முடியும்? உரிமை ஏட்டிலேயே உறங்கிற்று. 2023 ஜனவரியில் அந்தத் தடை நீங்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட் பதிவுபெற்ற அதிகாரியின் சான்று, அவ்வளவே!

எந்தச் சிகிச்சை வேண்டாம், உங்களுக்காக முடிவு சொல்பவர் யார் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். மனம் மாறினால் மாற்றி எழுதலாம்.

"கொலைக்கு அனுமதிச் சீட்டா?" என்று சிலர் கேட்கக்கூடும். விஷ ஊசிக்கு இதில் இடமே கிடையாது. இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்பினால்தான் கருவி நீங்கும்.

எழுதியதை வீட்டாரிடம் சொல்லுங்கள். குடும்ப டாக்டரிடம் ஒரு நகல் கொடுங்கள். டிரங்குப் பெட்டிக்குள் பூட்டிய தாள் ஆஸ்பத்திரிக்கு எப்படித் தெரியும்?