பள்ளியறை

உழைத்துக் களைத்த உடல் ஓய்வு கொள்ளும் இடம் படுக்கையறை. இதனைப் பண்டையோர் பள்ளியறை என்றனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, பாண்டிமாதேவியின் பள்ளியறையையும் யானைத் தந்தத்தால் இயன்ற கட்டிலையும் விரித்துரைக்கின்றது. அத்துணைச் சிறந்த கட்டிலிலும், போர்மேற் சென்ற தலைவனை நினைந்து அவள் துயிலாது வருந்தினாள். ஆகவே, உறக்கம் தருவது பொருட்சிறப்பு அன்று, அமைதியே.

அவ்வமைதிக்குத் துணைசெய்வன தூய்மையும் ஒழுங்கும் ஆகும். பல இல்லங்களில் பள்ளியறை வேண்டாப் பொருள்களின் கிடங்காகிவிடுகின்றது. கட்டிலின்கீழ் உடைந்த பெட்டியும் பழந்துணியும் அடைந்து கிடப்பின் தூசி படியும். தூசியிலும் மெத்தையிலும் வாழும் நுண்ணிய பூச்சிகள் சிலர்க்குத் தும்மலையும் இழுப்பையும் உண்டாக்கும்.

ஆதலின், அறையிலுள்ள பொருள்களை மூவகையாகப் பிரித்தல் வேண்டும். நாள்தோறும் வேண்டுவன கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் நலம். எப்போதேனும் வேண்டுவனவற்றைப் பரணில் வைக்கலாம். ஒருபோதும் வேண்டாதனவற்றுள் பிறர்க்குப் பயன்படுவனவற்றை வழங்கிவிட்டு, எஞ்சியவற்றை அகற்றிவிடுக. பாயையும் தலையணையையும் அவ்வப்போது வெயிலில் உலர்த்துக. சன்னலைத் திறந்து காற்று வரச் செய்க.

இரவில் மிகுந்த ஒளி கண்ணிற் படின், உறக்கத்திற்குத் துணையாகும் மெலடோனின் என்னும் சுரப்பு உடலிற் குறையும். எனவே, படுக்குமுன் விளக்கைத் தணித்துக் கைப்பேசியை அறைக்கு வெளியே வைத்தல் நன்று. மாணாக்கர்க்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. அது குறையின் கற்றது நெஞ்சில் நிலைத்து நில்லாது. பள்ளியறையைப் பேணுவோர் பள்ளிக் கல்வியையும் பேணுவோர் ஆவர்.