உங்களுக்குத் தெரியுமா? நடுவரே இல்லாத ஆட்டம்!

175 கிராம் தட்டை எறிந்து ஆடும் அல்டிமேட் ஃபிரிஸ்பியில், உலகப் போட்டியில்கூடத் தீர்ப்புச் சொல்லும் நடுவர் கிடையாது. யாராவது 'ஃபவுல்' என்று குரல் கொடுத்தால் ஆட்டம் நிற்கும். பிறகு?

• பொதுவாக, ஆட்டம் நின்றபோது இருந்த இடத்துக்கே எல்லோரும் திரும்ப வேண்டும்.
• தடுத்தவர் தவறை ஒப்புக்கொண்டால், எறிபவருக்கான 10 விநாடி எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.
• தட்டைப் பிடிக்கையில் எழுந்த ஃபவுலை எதிரணி மறுத்தால், தட்டு எறிந்தவர் கைக்கே போகும்.
• எதிரணி வீரர் தட்டைத் தொட்டதும் ஆட்டம் தொடரும்.

இந்த ஆட்டத்தை ஆடும் சென்னையின் ஃப்ளை வைல்ட் அணியைப் பற்றிய '175 கிராம்ஸ்' குறும்படம் 2015 சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. ஹட்டன் டன்பார் மைதானமோ, தோட்டத்துத் திடலோ, சமதரை கிடைத்தால் நீங்களும் ஆடிப் பாருங்கள்!