ஆற்றங்கரைப் பூங்காவும் 'குடிமக்கள்' என்னும் சொல்லும்

'குடிமக்கள்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. இன்று அது ஓர் அரசின்கண் உரிமை பெற்று வாழ்வோரைக் குறிக்கும். நிலவுடைமைச் சமுதாயத்திலோ, உடைமைக் குடும்பங்களுக்குக் குடிமை செய்யக் கடமைப்பட்ட தொழிற்சாதியினரையே அது சுட்டிற்று. முன்னையது உரிமையை அடிப்படையாகக் கொண்டது, பின்னையது ஊழியத்தை. ஆற்றங்கரைப் பூங்காக்களை நிருவகிப்பதிலும் பேணுவதிலும் குடிமக்கள் பங்குபற்றவேண்டும் என இன்று பரவலாக வற்புறுத்தப்படுகிறது. இவ்விரு பொருள்களுள் எப்பொருளில் அச்சொல் ஆளப்படுகிறது என்பதே நாம் எழுப்பவேண்டிய முதல் வினாவாகும்.

பொதுநிலத்தையும் நீர்நிலையையும் குழு அமைத்துப் பேணும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (919, 921) இதற்குத் தக்க சான்று. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் தெரிவானோருள் தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும் ஏரி வாரியத்துக்கு அறுவரும் அமர்ந்தனர். பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதோர் மாத்திரமன்றி, அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிவாக இயலாது. இவ்விதிகளின் நுட்பத்தை வியப்போர், ஓலையிற் பெயர் எழுதப்படுவதற்குரிய தகுதியை எளிதில் மறந்துவிடுகின்றனர். பொதுவாகக் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி என்பன அத்தகுதிகள். அது பிரமதேயச் சபை. நிலமற்ற உழவனுக்கு அங்கே இடமிருக்கவில்லை. எனவே, பங்கேற்பின் விதிகள் எத்துணைச் செப்பமாயினும், எவர் பங்கேற்கலாம் என்பதைச் சொத்துறவே தீர்மானித்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

நம் காலத்திலும் இவ்வுண்மை வேறொரு வடிவில் வெளிப்படக் காணலாம். அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றின் இரு கரைகளையும் உலாவிடங்களாகவும் பூங்காக்களாகவும் மாற்றுவதற்கென 1997 இல் மாநகராட்சி ஒரு நிறுவனத்தை அமைத்தது. கரையோரக் குடிசைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அகற்றப்பட்டன. மாற்று வீடுகள் நீதிமன்றப் போராட்டத்தின் பின்னரே பலருக்குக் கிடைத்தன. அவையும் பெரும்பாலும் தொலைவிலேயே அமைந்தன. ஆற்றங்கரையில் நெடுங்காலமாகக் கூடிவந்த வாரச்சந்தையின் வணிகரோ சங்கமாகத் திரண்டு வழக்காடினர். சந்தைக்குக் கரையிலேயே புதிய இடம் கிடைத்தது. பங்கேற்பு மேலிருந்து வழங்கப்படும் கொடையன்று, அமைப்பாகத் திரண்டோர் ஈட்டும் உரிமை என்பதற்கு இது சான்று.

உத்தரமேரூரின் தோட்ட வாரியத்தை மனதிற்கொண்டு ஊவாவின் தேயிலைத் தோட்டங்களை நோக்குவோம். ஹல்துமுல்லைப் பிரதேசத்தின் கொஸ்லாந்தைக்கு அண்மையில், கிரிந்தி ஓயாவின் கிளையாறு ஒன்று 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சியாக விழுகின்றது. வீழ்ச்சியின் மேற்புறத்துத் தடாகங்களை நாடி உள்நாட்டினரும் வெளிநாட்டினரும் வருகின்றனர். நகரப் பூங்கா என்ற பெயர் இல்லையேனும், அத்தன்மைத்தான பொதுவெளியே இது. இதனைச் சூழ்ந்த மலைகளில் வாழும் மக்கள் யாவர்? 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கல் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே தீர்வை எட்டியது. வாக்குரிமை பெற்ற பின்னரும், 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்காகச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கிற்று. 2018 இலேயே அது திருத்தப்பட்டது. பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், அதன் பணியைப் பெறமுடியாது என்ற நிலையில் 'குடிமக்கள் பங்கேற்பு' என்பதற்கு என்ன பொருள் இருந்திருக்க முடியும்?

இது அழகியல் பற்றிய வினா மாத்திரமன்று. இதே பிரதேசத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்ரோபர் 29 இல் மலைச்சரிவு லயன்களைப் புதைத்தது. அவ்விடத்தின் ஆபத்து குறித்து 2005, 2011 ஆம் ஆண்டுகளில் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, ஆனால் நிலமோ வீடோ தமக்கென இல்லாத மக்களுக்கு, வேறிடம் பெயர்ந்து குடியேறுவதைத் தாமே தீர்மானிக்கும் ஆற்றல் இருக்கவில்லை. ஆற்றங்கரையைப் பேணுதல் என்பது மேட்டுநிலத்து வடிகாலையும் சரிவையும் பேணுவதிலிருந்து தொடங்குவதால், அங்கு வாழ்வோரின் குரலின்றி அமையும் எந்த நிருவாகமும் குறையுடையதே.

சிரமதானம் நன்று, குப்பை அகற்றுதலும் மரம் நடுதலும் வேண்டியவையே. ஆயின் உழைப்பை மட்டும் கேட்டு முடிவை மறுக்கும் பங்கேற்பு, மக்களைப் பழைய பொருளிலேயே குடிமக்களாக்குகிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணும் குழுவில் இடம்பெறவேண்டும். அவள் வரக்கூடிய ஓய்வுநாளிலே கூட்டம் நடைபெறவேண்டும். நுழைவுக்கட்டண வருமானமும் செலவும் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கமாக வாசிக்கப்படவேண்டும். கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரக்கூடாது என்ற உத்தரமேரூர் விதியை நாம் ஏற்கலாம். காணியில்லாதவன் வரக்கூடாது என்ற விதியைக் கைவிடவேண்டும். துடைப்பத்தோடு கணக்கேடும் மக்கள் கைக்கு வரும்போதே பூங்கா பொதுவுடைமையாகும்.