வேலை என்ற சொல்லுக்குள்ளே...

மலரைக் கையில் வாங்கியதும் கவிதைப் பக்கம், ஜோக்ஸ் பக்கம், நம்ம குரூப் போட்டோ என்று தேடுகிற உங்களைப் பத்து நிமிடம் இங்கே நிறுத்தி வைக்கப் போகிறேன். பயப்படாதீங்க, இது பாடம் இல்லை. ஒரே ஒரு சொல்லின் கதை. டிப்ளமோ முடிக்கப் போகிற நம் எல்லோர் வாயிலும் நாள் முழுக்கப் புரள்கிற சொல். ஆமாம், 'வேலை'தான். அதை ஐரோப்பிய மொழிகளில் எப்படிச் சொல்கிறார்கள், அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் பார்ப்போம்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது வெல்டிங் ஷாப்பில். டிக் வெல்டிங்குக்காக சிலிண்டரைத் திறந்துகொண்டே எங்கள் இன்ஸ்ட்ரக்டர், "ஆர்கான்னா கிரேக்கத்துல சோம்பேறின்னு அர்த்தம்பா" என்றார். சோம்பேறிக்கு ஷாப்பில் என்ன வேலை? அந்தக் கேள்வியோடு லைப்ரரிக்குப் போனவன், அகராதிகளை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

சோம்பேறியின் சொந்தக்காரர்கள்

கிரேக்க மொழியில் 'எர்கான்' என்றால் வேலை. செய்து முடித்த பொருளுக்கும் அதுவே பெயர். முன்னால் 'அ' சேர்த்தால் இல்லை என்று பொருள். நாம் நீதி, அநீதி என்கிறோமே, அது மாதிரி. 1894-ல் ராலே பிரபுவும் வில்லியம் ராம்சேயும் காற்றிலிருந்து ஒரு வாயுவைப் பிரித்தார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு அதுதான். எதோடும் சேராமல் சும்மா கிடந்ததால் 'வேலை செய்யாதது' என்று பெயர் வைத்தார்கள். அப்படிச் சும்மா இருப்பதால்தான் அது நமக்கு உதவுகிறது. உருகிய உலோகத்தோடும் சேராமல், ஆக்சிஜனையும் கிட்டே விடாமல் காவல் நிற்கிறது.

இந்த எர்கானுக்குச் சொந்தம் நிறைய. 1 ஜூல் என்பது 1 கோடி எர்க் என்று மனப்பாடம் செய்தோமே, அந்த 'எர்க்' இதுதான். 'எனர்ஜி' என்றால் வேலையை உள்ளே வைத்திருப்பது. 'மெட்டலர்ஜி' என்பதன் வாலில் இருப்பதும் இதுவே. 'சர்ஜன்' என்பவர் கையால் வேலை செய்கிறவர். 'ஜார்ஜ்' என்ற பெயருக்கு நிலத்தில் வேலை செய்கிறவர், அதாவது உழவர் என்று பொருள். இங்கிலாந்து ராஜாக்கள் ஆறு பேர் உழவர் என்று பெயர் வைத்துக்கொண்டு நாடாண்டிருக்கிறார்கள்!

ஆங்கில 'வொர்க்', ஜெர்மன் 'வெர்க்' இரண்டும் இதே வேரில் கிளைத்தவை. நம் ஊர் கேட்டுக்கும் கிரில்லுக்கும் 'ராட் அயர்ன்' என்கிறோம். தேனிரும்பு. அதிலுள்ள 'ராட்' வேறொன்றுமில்லை, 'வொர்க்' என்ற வினையின் பழைய இறந்தகால வடிவம். அடித்து வேலை செய்யப்பட்ட இரும்பு. சக்கரம் செய்தவர் வீல்ரைட், கப்பல் கட்டியவர் ஷிப்ரைட். இந்த 'ரைட்'டும் அதே குடும்பம்தான். 1903-ல் முதன்முதலாக விமானம் பறக்கவிட்ட சைக்கிள் கடைக்காரச் சகோதரர்களின் குடும்பப் பெயருக்கே 'செய்பவர்' என்றுதான் அர்த்தம்.

இவ்வளவு நேரம் பார்த்த சொற்களிலெல்லாம் ஒரு பெருமை தெரிகிறது. கை ஒன்றைச் செய்கிறது, செய்த பொருள் எதிரே நிற்கிறது. இனிமேல் வருவது வேறு ஜாதிச் சொற்கள்.

லேபர் கோர்ட்டும் லேபர் வார்டும்

தொழிலாளர் வழக்கு நடக்கிற இடம் லேபர் கோர்ட். பிரசவம் நடக்கிற இடம் லேபர் வார்டு. இரண்டுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? லத்தீனில் 'லாபோர்' என்றால் பாடுபடுதல், துன்பம். அந்த வலி இரண்டு இடத்திலும் இருக்கிறது. இதே சொல் பிரெஞ்சுக்குப் போய் ஏர் உழுவதையும், இத்தாலிக்குப் போய் 'லவோரோ' என்று எல்லா வேலையையும் குறித்தது.

பிரெஞ்சுக்காரர்கள் வேலைக்கு 'த்ரவாய்' என்கிறார்கள். ஸ்பெயினில் 'த்ரபாஹோ'. இதன் மூலம் லத்தீன் 'ட்ரிபாலியம்' என்றே பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. மூன்று கழிகள் என்று பொருள். மனிதனைக் கட்டி வைத்து வதைக்கிற சட்டம்! 6-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் ஒசேர் நகரில் கூடிய திருச்சபை மன்றம், குற்றவாளிகளை வதைக்கும் அந்த இடத்தில் பாதிரியார்கள் நிற்கக்கூடாது என்று தடை போட்டிருக்கிறது. லாடம் அடிக்கும்போது குதிரை திமிறாமல் கட்டி நிறுத்தும் மரச்சட்டத்துக்கும் பிரெஞ்சில் 'த்ரவாய்' என்றுதான் பெயர். இந்தச் சொல் இங்கிலாந்து போய் 'டிராவல்' ஆனது. அந்தக் காலத்துப் பயணம் அவ்வளவு பாடாக இருந்திருக்கிறது!

கிழக்கே போனால் இன்னும் மோசம். ரஷ்ய மொழியில் வேலை 'ரபோதா'. 'ராப்' என்றால் அடிமை. ஜெர்மன் 'அர்பைட்' என்ற சொல்லுக்குப் பழைய நாளில் துயரம், கஷ்டம் என்றே பொருள். இந்த இரண்டையும் 'ஆர்ஃபன்', அதாவது அனாதை என்ற சொல்லோடு ஒரே வேரில் சேர்க்கிறார்கள் மொழியறிஞர்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, அடுத்த வீட்டில் எடுபிடி. அங்கிருந்து அடிமை. அங்கிருந்து வேலை. ஒரு அனாதைப் பிள்ளையின் வாழ்க்கை வரலாறே அந்த ஒரு வேருக்குள் இருக்கிறது.

ஹங்கேரியின் 'முன்கா', ருமேனியாவின் 'முன்கே' இரண்டும் வதை என்று பொருள்படும் ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தவை. எர்கானைக் கொடுத்த கிரேக்கர்களே இன்று பேச்சில் வேலைக்கு 'துல்யா' என்கிறார்கள். அதே எழுத்துக்களில் அழுத்தத்தை மட்டும் இடம் மாற்றி 'துலீயா' என்றால் அடிமைத்தனம். ஒரு அழுத்தக்குறிதான் வித்தியாசம்!

ஒரு மாணவன் கொண்டுவந்த தீர்மானம்

இந்த வரிசையில் நமக்கு நன்றாகத் தெரிந்த சொல் ஒன்று பாக்கி: ரோபோ. 1920-ல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் ஒரு நாடகம் எழுதினார். மனிதனுக்குப் பதில் உழைக்கச் செயற்கை மனிதர்களை ஃபாக்டரியில் செய்கிற கதை. அவர்களுக்கு லத்தீன் 'லாபோர்' வைத்து ஒரு பெயர் யோசித்திருந்தார். அது செயற்கையாகப் பட்டது. ஓவியரான அண்ணன் யோசெஃபிடம் கேட்டார். அண்ணன் சொன்ன பெயர்தான் 'ரோபோட்'.

அது ஆகாயத்திலிருந்து விழுந்த சொல் அல்ல. செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால், பண்ணையாரின் நிலத்தில் குடியானவன் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. நம்ம வெட்டி வேலை மாதிரி. 1680-ல் கிளர்ச்சி வெடித்த பிறகு அரசர் சலுகை கொடுத்தார். என்ன சலுகை? வாரத்துக்கு 3 நாளுக்கு மேல் வாங்கக்கூடாது என்று! வாரத்தில் பாதி அடுத்தவனுக்கு. அதுவே சலுகை என்றால், அதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும்?

இதற்கு முடிவு கட்டிய கதையை நம் சங்க மலரில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? 1848-ல் வியன்னாவில் மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். சட்டம் படித்துக்கொண்டிருந்த ஹான்ஸ் குட்லிஹ் என்ற விவசாயி மகன் அந்த மோதலில் காயம்பட்டார். பிறகு தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். வயது 24. ஜூலை மாதம் அவர் வைத்த தீர்மானம், குடியானவர்களைக் கட்டுகளிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது. செப்டம்பர் 7-ல் சட்டமானது. அதே ஆண்டு கடைசியில் புரட்சியை நசுக்கிவிட்டார்கள். குட்லிஹ் நாட்டை விட்டே ஓடி, அமெரிக்காவில் டாக்டராக வாழ்ந்தார். ஆனால் ரோபோட்டா மட்டும் திரும்பி வரவில்லை. அந்தக் கொடுமை ஒழிந்து, பெயர் மட்டும் மிஷினுக்குப் போய்விட்டது.

மூட்டையும் ஃபார்முலாவும்

1829-ல் கொரியோலிஸ் என்ற பிரெஞ்சுக்காரர், விசையை நகர்ந்த தூரத்தால் பெருக்கி வருவதற்கு ஒரு பெயர் தேடினார். அவர் எடுத்தது அந்த வதைச் சொல்லான 'த்ரவாய்'தான். ஆனால் அதிலிருந்த வலியை எடுத்துவிட்டார். இன்று நாம் ஃபிசிக்ஸில் படிக்கும் 'வேலை' அதுதான்.

வலி போய்விட்டதற்கு ஒரு அத்தாட்சி சொல்கிறேன். 50 கிலோ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கிறார். செய்த வேலை எவ்வளவு? பூஜ்யம். ஃபார்முலா சரிதான், மார்க்கும் கிடைக்கும். ஆனால் அவர் கழுத்தைக் கேட்டால் வேறு கணக்கு சொல்லும். எர்கான் கண்டது செய்து முடித்த பொருளை. ரபோதா, லாபோர், ரோபோட்டா எல்லாம் கண்டது செய்தவனின் கழுத்தை. இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் கணக்கு பாதிதான்.

நம் ஊரிலும் இரண்டு கேள்வி உண்டு. சொந்தக்காரர்கள் கேட்பது: "வேலை கிடைச்சுதா?" பட்டறை மேஸ்திரி கேட்பது: "வேலை தெரியுமா?" இரண்டுக்கும் பதில் தேடித்தான் மூன்று வருஷமாக இங்கே உட்கார்ந்திருக்கிறோம். நம்மில் பலர் நாளைக்கு சூப்பர்வைசர் ஆவோம். கையில் ஒரு ரெஜிஸ்டர் கொடுப்பார்கள். இத்தனை ஆள், இத்தனை பீஸ், இத்தனை மணி நேரம் என்று அதில் எழுதுவோம். கழுத்துக்கு அதில் காலம் கிடையாது.

அந்தக் காலத்தை நாம்தான் மனசுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும், தோழர்களே.

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை