பாயசம் குடித்தால் சர்க்கரை இறங்குமா?

கல்யாணப் பந்தியில் ஒரு டம்ளர் ஜவ்வரிசிப் பாயசம். குடித்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. உடம்பு வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, எதிரில் இருப்பவர் சொல்வது பாதிதான் காதில் ஏறுகிறது. "பி.பி. ஏறிருச்சோ?" என்று உறவினர்கள் பதறுகிறார்கள். குளுக்கோமீட்டரில் பார்த்தால் 50 காட்டுகிறது. இனிப்பு சாப்பிட்டவருக்குச் சர்க்கரை இறங்குமா? இறங்கும், அவர் உடல் எடையைக் குறைக்க இரைப்பை பைபாஸ் அறுவைசிகிச்சை செய்துகொண்டவராக இருந்தால்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் இருப்பவர்கள் பெரிய நகரத்து மருத்துவமனைக்குப் போய் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டு ஊர் திரும்பலாம். ஆனால் இந்தத் தாழ்சர்க்கரை பெரும்பாலும் அறுவைசிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பிறகே தலைகாட்டுகிறது. அப்போது பக்கத்தில் இருப்பவர் சர்ஜன் அல்ல. மனைவியோ மகனோ தெருமுனை மருந்துக்கடைக்காரரோதான். ஆகவே இது வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

உள்ளே நடப்பது என்ன?

இரைப்பையின் அடிவாயில் ஒரு வளையத் தசை இருக்கிறது. மேட்டூர் அணையின் மதகு போல, அரைத்த உணவை அது சிறுகச் சிறுகத்தான் குடலுக்குத் திறந்துவிடும். பைபாஸ் அறுவைசிகிச்சையில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை ஒன்றை ஒதுக்கி, அதை நேரடியாகச் சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். உணவு அந்தத் தசையைத் தொடாமலே குடலுக்குள் இறங்கிவிடும். 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்தாலும் வளையத் தசை மிஞ்சுகிறது. அதனால் இந்தத் தொல்லை அதில் குறைவு. ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

மாவும் சர்க்கரையும் மொத்தமாகக் குடலில் இறங்கினால் ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறுகிறது. கூடவே குடலில் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன் வழக்கத்தைவிடப் பல மடங்கு சுரந்து, இன்சுலினைக் கொட்டும்படி கணையத்தைத் தூண்டுகிறது. எடை குறைக்கும் ஊசி என்று இன்று எல்லோரும் பேசும் செமாகுளுடைடு இதே ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டதுதான். வந்த சர்க்கரை செல்களுக்குள் போன பிறகும் இன்சுலினின் வேலை ஓய்வதில்லை. நலமாக உள்ள ஒருவரின் ரத்தம் முழுவதிலும் ஓடும் குளுக்கோஸே சுமார் 4 கிராம்தான், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு. அதில் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் தடுமாறுவது மூளை.

சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் வயிற்றுப் புரட்டல், பேதி, படபடப்பு வந்தால் அது வேறு. உணவு வேகமாகக் குடலில் இறங்கியதால் வரும் உடனடித் தொல்லை அது. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வருவதுதான் தாழ்சர்க்கரை. 70-க்குக் கீழே போனால் எச்சரிக்கை, 54-க்குக் கீழே போனால் ஆபத்து. வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கினால் காரணம் வேறாக இருக்கலாம்; உடனே மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவுக்காகக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், எடை குறைந்த பிறகும் பழைய அளவையே தொடர்ந்தால் அதனாலும் சர்க்கரை இறங்கும். அந்த அளவை மருத்துவரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2005-ல் இப்படிப்பட்ட ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, கணையத்தில் இன்சுலின் செல்கள் பெருகியதே காரணம் என்று கருதிக் கணையத்தின் ஒரு பகுதியையே நீக்கியிருந்தார்கள். இன்று அந்த வழியை மருத்துவ உலகம் விரும்புவதில்லை. பெரும்பாலானோருக்குச் சாப்பாட்டை மாற்றினாலே தொல்லை வெகுவாகக் குறைகிறது.

நம் தட்டில் என்ன மாற்ற வேண்டும்?

ஒரு வேளைக்கு மாவுச்சத்து சுமார் 30 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. 100 கிராம் சோறு, அதாவது ஒரு சின்னக் கிண்ணம், அந்த அளவைக் கிட்டத்தட்ட எட்டிவிடும். சேலத்தின் பெருமையான ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கு மாவுதான். 100 கிராமில் 85 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, புரதம் 1 கிராம்கூட இல்லை. அதைச் சர்க்கரையோடு பாயசமாகக் காய்ச்சினால் இந்த நோயாளிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. பழச்சாறு, நீர்த்த கஞ்சி, குழைந்த சாதம் எல்லாமே வேகமாக இறங்குபவை. "நாட்டுச் சர்க்கரைதானே, ஒண்ணும் செய்யாது" என்பார்கள். பிலிக்கல்பாளையம் சந்தையில் ஏலம் போகும் வெல்லமும் பெரும்பகுதி சர்க்கரைதான்; குடல் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இதற்கான மாற்றும் இதே மண்ணில் விளைகிறது. நாமக்கல் முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம் உண்டு, மாவுச்சத்து 1 கிராமுக்கும் குறைவு. நிலக்கடலை 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதம். கொள்ளுச் சுண்டல், பச்சைப்பயறு, கெட்டித் தயிர், கோழி, மீன் என்று முதலில் புரதத்தையும் காய்கறியையும் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரித்து, மென்று மெதுவாகச் சாப்பிட வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். அரை மணி நேர இடைவெளி விட்டுக் குடியுங்கள். மது அறவே கூடாது.

உணவால் அடங்காதவர்களுக்கு மருத்துவர் அகார்போஸ் மாத்திரை தருவதுண்டு. மாவு குளுக்கோஸாக உடைவதை அது தாமதப்படுத்தும். அந்த மாத்திரை எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான் தர வேண்டும். டயசாக்சைடு, ஆக்ட்ரியோடைடு போன்ற மருந்துகளும் உண்டு. ஜி.எல்.பி-1-ஐயே தடுக்கும் அவெக்சிடைடு என்ற மருந்தும் நோயாளிகளிடம் பரிசோதிக்கப்பட்டு வருகிறது.

இறங்கிவிட்டால்?

மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரை (சுமார் 15 கிராம்) அரை டம்ளர் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள்; 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறியதும் ஓர் அவித்த முட்டையோ ஒரு கைப்பிடி கடலையோ கட்டாயம் சாப்பிட வைக்க வேண்டும். பதற்றத்தில் ஜூஸ், மிட்டாய் என்று அடுக்கினால் சர்க்கரை மீண்டும் எகிறி, இன்சுலின் மீண்டும் கொட்டி, இரண்டாவது சரிவு வந்துவிடும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகளை இந்தப் பகுதி மக்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரிக்கும் ரிக் வண்டிக்கும் பேர்போன ஊர்கள். சர்க்கரை அடிக்கடி இறங்குபவருக்கு நாளடைவில் வேர்வை, நடுக்கம் போன்ற முன்னறிகுறிகளே மங்கிவிடும். அப்படிப்பட்டவர் கட்டுக்குள் வரும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

அடுத்தது கர்ப்பிணிகள். தமிழக அரசு 2007-ல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நீரிழிவுப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்ப்பார்கள். நல்ல திட்டம்தான், ஆனால் பைபாஸ் ஆனவருக்கு அந்த ஒரு டம்ளரே மயக்கத்தில் தள்ளிவிடலாம். அறுவைசிகிச்சை ஆனதைக் கிராம சுகாதார செவிலியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில நாட்கள் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்க்கும் மாற்று வழி இருக்கிறது.

மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தாழ்சர்க்கரை முற்றுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அதனால் அறுவைசிகிச்சையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் படபடப்பு வந்தால் "பசி மயக்கம்" என்று தள்ளிவிடாதீர்கள். என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, அப்போது மீட்டர் என்ன காட்டியது என்று ஒரு நோட்டில் குறித்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எந்த ஸ்கேனையும்விட அந்த நோட்டுத்தான் அவருக்கு முதலில் உதவும்.